ரேட்டிங்: தரமா, வீதமா?

"பிபிசி நாடகம் தரவரிசையில் சரிவு" என்று ஒரு தலைப்பு போட்டால் படிப்பவர் என்ன நினைப்பார்? மூன்றாம் இடத்தில் இருந்தது ஏழாம் இடத்துக்குப் போய்விட்டது என்றுதான். உள்ளே படித்தால் அப்படி எதுவும் இருக்காது. போன வாரம் 45 லட்சம் பேர் பார்த்த நாடகத்தை இந்த வாரம் 38 லட்சம் பேர் பார்த்திருப்பார்கள். இடமோ அதே முதலிடமாகக்கூட இருக்கலாம். மூலச் செய்தியில் இருந்த சொல் 'ரேட்டிங்'. அதைத் தரவரிசை என்று மாற்றியதால் வந்த வினை இது. தரமதிப்பீடு என்று எழுதுவது இன்னும் மோசம். நாடகம் நன்றாக இருந்ததா இல்லையா என்று அந்த எண் யாரிடமும் கேட்டதே இல்லை.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'புரோ ராட்டா பார்ட்டே' என்றால் கணக்கிட்ட பங்கின்படி என்று பொருள். அதில் வரும் 'ராட்டா'வுக்குக் கணக்கிடப்பட்டது, உறுதி செய்யப்பட்டது என்று அர்த்தம். அது பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்து 'ரேட்' ஆனது. இங்கிலாந்தில் வீட்டின் மதிப்பைக் கணக்கிட்டு வாங்கிய உள்ளாட்சி வரிக்கு 'ரேட்ஸ்' என்று பெயர் வந்ததும் இந்த வழியில்தான். வங்கியில் சொல்லும் வட்டி ரேட்டும் இதே சொல்.

பிறகு தரம் என்ற பொருள் எங்கிருந்து வந்தது? கப்பற்படையிலிருந்து. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைப் பீரங்கி எண்ணிக்கையை வைத்து வகுப்பு பிரித்தார்கள். நூறும் அதற்கு மேலும் பீரங்கி ஏற்றிய கப்பல் முதல் 'ரேட்'. 'ஃபர்ஸ்ட் ரேட்' என்றால் உயர்தரம் என்று பேச்சில் ஆனது அங்கிருந்துதான். ஆக அந்தக் கிளையும் எண்ணிக்கையில்தான் தொடங்கியது. தரம் பின்னால் ஒட்டிக்கொண்டது. சினிமா விமர்சனத்தில் போடும் நட்சத்திரங்களும் நிறுவனங்களுக்குத் தரும் கடன் மதிப்பீடும் இந்தத் தரக் கிளையைச் சேர்ந்தவை. தொலைக்காட்சி ரேட்டிங் சேராது. அது பழைய லத்தீன் கணக்கிலேயே நிற்கிறது: மொத்தப் பேரில் எத்தனை பேர் என்ற வீதம்.

ஒலிபரப்புக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்க வானொலிக்காரர்கள். 1930இல் ஆர்ச்சிபால்ட் கிராஸ்லி, நேற்று எந்த நிகழ்ச்சி கேட்டீர்கள் என்று வீடுகளுக்குத் தொலைபேசியில் கேட்டுக் கணக்கெடுத்தார். சில ஆண்டுகளில் ஹூப்பர் நிறுவனம், இந்த நிமிடம் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தது. நினைவை நம்பக் கூடாது என்பது அவர்கள் கட்சி. இந்தச் சண்டை பின்னாளில் பிரிட்டனிலும் வேறு உருவில் நடந்தது.

1955 செப்டம்பரில் ஐடிவி வந்ததும் பிபிசியின் தனிக்காட்டு ராஜ்ஜியம் முடிந்தது. ஐடிவி விளம்பரத்தில் வாழும் நிலையம். அதற்கு எண் வேண்டும். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் கருவி பொருத்தி, பெட்டி எந்த நிலையத்தில் ஓடியது என்று பதிந்தார்கள். பிபிசியோ ஆட்களை நேரில் நிறுத்தி, நேற்று என்ன பார்த்தீர்கள் என்று கேட்டது. ஒருவர் எண்ணியது வீட்டை, மற்றவர் எண்ணியது ஆளை. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? அவரவர் கணக்கில் அவரவர் முன்னே நின்றார்கள். இது ஒழிய வேண்டும், பொதுக் கணக்கு வேண்டும் என்று, ஒலிபரப்பின் எதிர்காலத்தை ஆராய அரசு அமைத்த அன்னன் குழு 1977இல் பரிந்துரைத்தது. பிபிசியும் ஐடிவியும் சேர்ந்து 1981இல் 'பார்ப்' என்ற அமைப்பைத் தொடங்கின. இன்றும் பிரிட்டனில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் எண் அதனுடையதுதான்.

மாதிரி வீடுகள் நெடுங்காலம் 5,000ஐ ஒட்டியே இருந்தன. அண்மையில் அதை 7,000க்கு உயர்த்தும் வேலை நடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கருவியும் தனி ரிமோட்டும் இருக்கும். அறைக்குள் வந்து உட்கார்பவர் தனக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். எழுந்து போகும்போது மறுபடி அழுத்த வேண்டும். விருந்தாளி வந்தால் அவருக்கும் பொத்தான் உண்டு. தவறு பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. தேநீர் போடப் போனவர் அழுத்த மறந்தால், வெறும் நாற்காலியும் பார்வையாளர்தான்.

7,000 வீட்டில் ஏறக்குறைய 16,000 பேர் என்று வைத்தால், ஒவ்வொருவரும் சுமார் 4,000 பேருக்குப் பிரதிநிதி. பெரிய நிலையத்துக்கு இது போதும். சின்ன நிலையம் ஒன்றின் நள்ளிரவு நிகழ்ச்சிக்கு "4,000 பேர்" என்று எண் வந்தால், உண்மையில் பார்த்தது எங்கோ ஒரு வீட்டில் தூக்கம் வராத ஒரே ஆளாக இருக்கலாம். அவரும் தூங்கிவிட்டால் எண் பூஜ்யம். பூஜ்யம் என்றால் நாட்டில் யாருமே பார்க்கவில்லை என்று பொருள் இல்லை.

இனி வீதத்துக்கும் பங்குக்கும் உள்ள வேறுபாடு. கோடைகாலச் செய்திகளில் மொழிபெயர்ப்பாளர் கால் இடறுவது இந்த இடத்தில்தான். கணக்கு எளிதாக இருக்க, பிரிட்டனில் தொலைக்காட்சி உள்ள வீட்டு மக்கள் 6 கோடி என்று கொள்வோம். ஒரு ரேட்டிங் புள்ளி என்பது அதில் நூற்றில் ஒன்று, அதாவது 6 லட்சம் பேர். ஜனவரியில் ஒரு நாடகத்தை 45 லட்சம் பேர் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் எல்லா நிலையங்களையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் 2.5 கோடி. வீதம் 7.5, பங்கு 18 சதவீதம். ஜூலையில் அதே நாடகத்தை 30 லட்சம் பேர் பார்க்கிறார்கள். அப்போது பெட்டி முன் இருப்பவர்களே மொத்தம் 1.5 கோடிதான். வீதம் 5 ஆகக் குறைந்துவிட்டது. பங்கோ 20 ஆக ஏறியிருக்கிறது. வீதத்தின் அடியில் இருப்பது நாடு, பங்கின் அடியில் இருப்பது அந்த நேரத்தில் பெட்டி முன் இருக்கும் கூட்டம். நிலையத்தின் மக்கள் தொடர்பு ஆட்கள் கோடையில் பங்கைப் பற்றியே பேசுவார்கள், குளிர்காலத்தில் தலைக்கணக்கைப் பற்றியே பேசுவார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கோடையில் கூட்டம் ஏன் கரைகிறது? வெளிச்சம். ஜூன் கடைசியில் லண்டனில் சூரியன் மறைய இரவு 9.20 ஆகிறது, கிளாஸ்கோவில் பத்து தாண்டும். டிசம்பரிலோ லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். போதாததற்குப் பள்ளி விடுமுறை, வெளிநாட்டுப் பயணம். அதனால் பணம் கொட்டி எடுத்த நாடகங்களை இலையுதிர் காலத்துக்கென்று எடுத்துவைத்துவிட்டு, ஜூலை, ஆகஸ்டில் மறு ஒளிபரப்புகளை ஓட்டுவது நெடுநாள் வழக்கம்.

எல்லா ஆண்டும் அப்படியே நடப்பதில்லை. கால்பந்துப் போட்டி வரும் கோடையில் கதை தலைகீழ். 2021 ஜூலை 11 அன்று யூரோ இறுதிப் போட்டியைப் பிபிசியும் ஐடிவியும் ஒரே நேரத்தில் காட்டின. இரண்டும் சேர்ந்த உச்சம் சுமார் 3.1 கோடி. 2022 ஜூலை 31 அன்று மகளிர் யூரோ இறுதிக்குப் பிபிசி ஒன்னில் உச்சம் 1.74 கோடி. இவை உச்ச எண்கள், சராசரி அல்ல. உச்சம் என்பது கூட்டம் மிகுந்திருந்த சில நிமிடங்களின் கணக்கு. சராசரி என்பது எல்லோரும் பார்த்த நிமிடங்களைக் கூட்டி நிகழ்ச்சியின் நீளத்தால் வகுத்தது: ஒரு மணி நேர நிகழ்ச்சியை 60 லட்சம் பேர் பத்தே நிமிடம் பார்த்துவிட்டுப் போனால் சராசரி 10 லட்சம்தான். ஒரு நிகழ்ச்சியின் உச்சத்தை இன்னொன்றின் சராசரியோடு ஒப்பிட்டு "அடித்து நொறுக்கியது" என்று எழுதுவது ஆங்கிலப் பத்திரிகைகளிலும் உண்டு. நாம் அதை அப்படியே பெயர்க்க வேண்டியதில்லை.

கோடையை வேறு கண்ணால் பார்த்தவர்களும் உண்டு. சேனல் 4 'பிக் பிரதர்' நிகழ்ச்சியை 2000 ஜூலையில் தொடங்கியது. எதிரே கனமான நாடகம் எதுவும் இல்லாத காலம். காலி மைதானத்தில் அது ஓடியது. 2015 ஜூனிலிருந்து ஐடிவி2 'லவ் ஐலண்ட்' நிகழ்ச்சியை இரவு 9 மணிக்கு வைத்தது. ஒன்பது என்பது அங்கே ஒரு கோடு: சிறுவர்களுக்கு ஆகாதவற்றை அதற்கு முன் காட்டக் கூடாது. அந்த விதியைக் குறிக்கும் 'வாட்டர்ஷெட்' என்ற ஆங்கிலச் சொல்லை 'நீர்ப்பிரிவு' என்று அகராதி பார்த்து மொழிபெயர்த்தால் யாருக்கும் புரியாது. 'ஒன்பது மணிக் கோடு' என்றால் போதும்.

போட்டி நிலையத்தைப் பார்த்து நேரம் குறிப்பது எப்படி நடக்கும் என்பதற்கு 1985ஆம் ஆண்டுக் கோடை நல்ல பாடம். அந்த பிப்ரவரி 19 அன்று பிபிசி ஒன் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரை ஆரம்பித்தது. செவ்வாயும் வியாழனும் மாலை 7 மணி. அதே 7 மணிக்கு ஐடிவியில் 'எம்மர்டேல் ஃபார்ம்' ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் எம்மர்டேல் கோடைதோறும் சில வாரம் ஓய்வெடுக்கும் தொடர். அந்த இடைவெளியில் அதன் ரசிகர்களைத் தன் பக்கம் இழுத்துவிடலாம் என்பது பிபிசியின் கணக்கு. ஐடிவி சும்மா இருக்கவில்லை. கூடுதல் அத்தியாயங்களும் மறு ஒளிபரப்புமாகப் போட்டுக் கோடை முழுக்க எம்மர்டேலைத் திரையிலேயே வைத்திருந்தது. இடைவெளி வரவே இல்லை. செப்டம்பரில் பிபிசி ஒன்னின் தலைவர் மைக்கேல் கிரேட் தன் தொடரை 7.30க்குத் தள்ளினார். ஏழு மணி பலருக்கு முந்திவிடுகிறது என்று வெளியே காரணம் சொல்லப்பட்டது. அந்த அரை மணி தள்ளியதுதான் ஈஸ்ட்எண்டர்ஸைத் தூக்கி நிறுத்தியது என்று சொல்லலாம்: ஒன்றைப் பார்த்து முடித்தவர் அடுத்ததையும் பார்க்க வழி பிறந்தது. 2001இல் இன்னொரு மோதல். ஆகஸ்ட் 10ஆம் தேதி ஈஸ்ட்எண்டர்ஸ் வெள்ளிக்கிழமை அத்தியாயத்தைத் தொடங்கியபோது, ஐடிவி எம்மர்டேலை ஒரு மணி நேரமாக நீட்டி, தன் இன்னொரு தொடரான 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்'டை 8 மணிக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தியது. இதுவும் கோடையில்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ரேட்டிங்குக்குப் 'பார்வை வீதம்' என்பதே பொருந்துகிறது. ஈழத்தில் வட்டி வீதம், பிறப்பு வீதம் என்பது அன்றாட வழக்கு. தமிழ்நாட்டில் விகிதம் என்பார்கள். ஆனால் "தலைக்குப் பத்து ரூபாய் வீதம்" என்று பேசாத ஊர் இல்லை. 'புரோ ராட்டா'வுக்கு இதைவிடக் கச்சிதமான தமிழ் கிடைக்காது. விகிதம் என்பதற்கு வேரான 'விஹித' என்ற வடசொல்லுக்கும் விதிக்கப்பட்டது, நிர்ணயிக்கப்பட்டது என்றே பொருள். லத்தீன் சொல்லும் அதே இடத்தில்தான் நிற்கிறது. பார்வை விழுக்காடு என்றும் சொல்லலாம். ஆனால் பங்கும் விழுக்காட்டில்தான் வருகிறது என்பதால் இரண்டும் குழம்பும். பங்குக்குப் 'பார்வைப் பங்கு'. மறுநாள் காலை வரும் முதல் எண்ணுக்கு 'மறுகாலைக் கணக்கு'. பதிந்து வைத்துப் பின்னால் பார்த்தவர்களையும் சேர்த்து வருவதற்கு 'ஏழுநாள் கணக்கு'. இதை 'ஒருங்கிணைந்த ரேட்டிங்' என்று எழுதினால் எதை எதோடு இணைத்தார்கள் என்று தெரியாது.

டிஆர்பி என்பது நம்மூர் வழக்கு. பிரிட்டனில் அதே புள்ளிக்கு டிவிஆர் என்பார்கள். டிஆர்பியில் ஆர் என்பதே ரேட்டிங்தான். "டிஆர்பி ரேட்டிங்" என்று எழுதுவது 'நடு சென்டர்', 'கேட்டு வாசல்' கதை.

ஷெட்யூல் என்பதும் லத்தீன் வழிச் சொல்தான். நாணல் தாளின் சிறு துண்டு என்பது பழைய பொருள். அட்டவணை, நிரல் என்று நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன, இரண்டையும் பயன்படுத்தலாம். பத்திரிகையில் அச்சாகி வருவது அட்டவணை. எதை எப்போது, எதற்கு எதிரே போடுவது என்ற முடிவு நிகழ்ச்சி நிரல். வெறும் நிரல் என்றால் இப்போது கணினிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆகவே முழுதாகச் சொல்வது நல்லது. கால்பந்து ஓடும் இரவில் கால்பந்து பிடிக்காதவர்களுக்கென்று நாடகம் போடுவதை 'எதிர்நிரல்' எனலாம். இரண்டு வலுவான நிகழ்ச்சிகளுக்கு நடுவே புதிதாக வந்த ஒன்றைப் படுக்கவைப்பதற்கு ஆங்கிலத்தில் 'ஹேமக்' என்ற கயிற்றுத் தொட்டிலின் பெயர். நமக்குத் 'தூளி கட்டுதல்' இருக்கிறது. இரண்டு பக்கக் கட்டும் இறுக்கமாக இருந்தால்தான் நடுவில் இருப்பது தூங்கும் என்பதும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

"கோடையில் ஐடிவியின் பார்வை வீதம் சரிந்தது, பங்கு உயர்ந்தது." இந்த வாக்கியத்தைத் தரவரிசை, தரமதிப்பீடு என்ற சொற்களை வைத்து எழுதிப் பாருங்கள், வராது.