ஐஏடிஎஃப் 16949 சான்றிதழ் வாங்கப் போகிறீர்களா? மெஷின் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

வாகனக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகளை ஐஏடிஎஃப் 16949 என்ற வாகனத் துறைத் தரநிலையின் ஆடிட்டுக்குத் தயார் செய்வது என் வேலை. ஐஏடிஎஃப் என்பது வாகனக் கம்பெனிகளும் அவற்றின் தொழில் சங்கங்களும் சேர்ந்த சர்வதேச அமைப்பு. போன உடனே பல இடங்களில் ஒரே கேள்விதான் வரும்: "மூன்று மாதத்தில் சான்றிதழ் வாங்கிவிடலாமா?"

முடியாது. சான்றிதழ் கேட்கும் ஆலை 12 மாதச் செயல்திறன் பதிவுகளைக் காட்ட வேண்டும். ஒரு முழுச் சுற்று உள் தணிக்கையும் மேலாண்மை மறுஆய்வும் முடிந்திருக்க வேண்டும். உற்பத்தியே இப்போதுதான் தொடங்குகிறது, பதிவுகள் போதவில்லை என்றால் இணக்கக் கடிதம் என்று ஒன்று தருவார்கள். ஆனால் அது சான்றிதழ் ஆகாது. வாடிக்கையாளரிடம் தேதி சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். சொன்ன தேதியைக் காப்பாற்றப் பழைய தேதியிட்டுப் பதிவுகளை நிரப்பும் அவலம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1999-ல் ஐஎஸ்ஓ/டிஎஸ் 16949 என்று வந்த தரநிலைக்குப் பதிலாக 2016 அக்டோபரில் வெளியானது ஐஏடிஎஃப் 16949. இது தனியாக நிற்காது; எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான தர மேலாண்மைத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001:2015-ன் எல்லா விதிகளையும் நிறைவேற்றி, அதற்கு மேல் இதையும் நிறைவேற்ற வேண்டும். உங்கள் ஒவ்வொரு வாடிக்கையாளரின் தனித் தேவைகளும் இதில் சேரும். கார், பஸ், லாரி, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கான பாகங்களைச் செய்யும் ஆலைக்குத்தான் இது கிடைக்கும். சந்தையில் மாற்றுப் பாகமாக விற்பதற்கு மட்டும் உற்பத்தி செய்பவர்களுக்குக் கிடைக்காது. பாகத்தின் வடிவமைப்பு வாடிக்கையாளருடையது என்றால் பொருள் வடிவமைப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. உற்பத்தி முறையின் வடிவமைப்புக்கு விலக்கே கிடையாது; இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

சரி, ஆடிட் எங்கே தடுக்கி விழுகிறது? மாநாட்டு அறையில் அடுக்கி வைத்த ஃபைல்கள் பெரும்பாலும் அழகாகத்தான் இருக்கும். ஆடிட்டர் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டார். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பாகத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போவார்.

ஒரு ஷாஃப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிவிட்டத்தின் மொத்த டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட அளவு வேறுபாடு) 0.03 மி.மீ. மணிக்கு 5 பீஸ் எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும் என்கிறது கன்ட்ரோல் பிளான். ஆபரேட்டர் கையில் இருப்பதோ வெர்னியர். ஏன் என்று கேட்டால், "மைக்ரோமீட்டர் கேலிபிரேஷனுக்குப் போயிருக்கு சார், அதான் இதுல பாக்குறோம்" என்கிறார். அவர் மறைக்கவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறார். ஆனால் அந்த வெர்னியர் படிக்கும் மிகச் சிறிய அளவே 0.02 மி.மீ. நல்ல பீஸ் எது, கெட்ட பீஸ் எது என்று அதனால் பிரிக்கவே முடியாது. நேற்று ஓடிய பீஸ்கள் இந்நேரம் வண்டியேறியிருக்கும்.

மாற்று முறையில் பரிசோதிப்பதை இந்தத் தரநிலை தடை செய்யவில்லை. 8.5.6.1.1 என்ற விதி அதற்காகவே இருக்கிறது. எந்தக் கட்டுப்பாட்டுக்கு எது மாற்று என்று பட்டியல் வேண்டும். அதன் அபாயத்தை முன்கூட்டியே எடைபோட்டு ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். மாற்று முறை ஓடும் நாட்களில் தினமும் கவனிக்க வேண்டும். பழைய முறைக்குத் திரும்பும்போது சரிபார்க்க வேண்டும். மாற்றுக் கருவிக்கும் அளவீட்டு ஆய்வு செய்து பாருங்கள். கேஜ் ஆர் அண்ட் ஆர், அதாவது கருவியாலும் அளப்பவராலும் அளவீட்டில் வரும் வேறுபாடு, 10 சதவீதத்துக்குள் என்றால் நல்லது. 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கருவியை அந்த வேலைக்கு வைக்கக் கூடாது.

இன்னொரு இடம் எஃப்எம்இஏ. எந்த வேலையில் என்ன கோளாறு வரலாம், அதை எப்படித் தடுப்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆய்வு அது. ஆடிட்டர் முதலில் வாடிக்கையாளர் புகார்ப் பட்டியலை வாங்கிக்கொள்வார். அதில் "துளை போடாத பீஸ் வந்தது" என்று இரண்டு முறை பதிவாகியிருக்கிறது என்று வையுங்கள். அப்புறம் எஃப்எம்இஏ-வைத் திறந்தால், அதே கோளாறுக்கு நேரே நிகழ்வு மதிப்பெண் 2 (அரிதாகத்தான் நடக்கும்) என்று, புகார் வருவதற்கு முன் போட்டது அப்படியே இருக்கும். இரண்டு காகிதமும் உங்களுடையவைதான், ஒன்றையொன்று மறுக்கின்றன. ஒவ்வொரு புகாரும் எஃப்எம்இஏ-வுக்குள் போய், அங்கிருந்து கன்ட்ரோல் பிளானுக்கும், கடைசியில் மெஷினில் தொங்கும் வேலைக் குறிப்புக்கும் வந்து சேர வேண்டும். சான்றிதழுக்கான வேலையில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். ஆலோசகரிடம் பணம் கொடுத்து வேறொரு ஆலையின் எஃப்எம்இஏ-வை நகல் எடுப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. உங்கள் மெஷினில் எது எப்படிக் கெடும் என்பது மெஷினை அமைத்துக் கொடுக்கும் உங்கள் செட்டருக்குத்தான் தெரியும். அவரை உட்கார வைத்து எழுதுங்கள்.

உள் தணிக்கையைப் பகல் ஷிஃப்டோடு முடித்துக்கொள்ளாதீர்கள். உற்பத்தித் தணிக்கை எல்லா ஷிஃப்டையும் தொட வேண்டும், ஷிஃப்ட் மாறும் நேரத்தையும் பார்க்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. ரீவொர்க்குக்கு (மறுபடி சரிசெய்ய) ஒதுக்கிய பீஸ்கள் நல்ல பீஸ்களோடு கலந்துவிடும் ஆபத்து அந்த நேரத்தில் அதிகம்.

சான்றளிக்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஏமாறுகிறார்கள். ஐஎஸ்ஓ 9001 தரும் எல்லா நிறுவனமும் இதைத் தர முடியாது. ஐஏடிஎஃப் அங்கீகரித்த நிறுவனமாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் ஐஏடிஎஃப்பின் மேற்பார்வை அலுவலக இணையதளத்தில் இருக்கிறது, நீங்களே பார்க்கலாம். ஆலோசனையும் நாங்களே, சான்றிதழும் நாங்களே என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். இரண்டையும் ஒரே நிறுவனம் செய்ய விதி அனுமதிக்கவில்லை. உங்கள் ஆலோசகரும் ஆடிட்டில் கலந்துகொள்ளக் கூடாது. அதனால் உங்கள் ஆட்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அவர்களை இப்போதே பழக்குங்கள்.

ஆடிட்டர் குறை எழுதினால் பதறாதீர்கள். சிறு குறைக்கு, மூலகாரணமும் திருத்த நடவடிக்கையும் 60 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அதில் "ஆபரேட்டர் கவனக்குறைவு, மறுபயிற்சி அளிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். மேலே சொன்ன ஷாஃப்டில் ஆபரேட்டர் என்ன தவறு செய்தார்? கேலிபிரேஷனுக்கு அனுப்பும் நாளில் மாற்று மைக்ரோமீட்டர் யார் தர வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை; அதுதான் காரணம். அதை எழுதுங்கள். அதே ஓட்டை வேறு எந்தெந்த மெஷினில் இருக்கிறது என்று தேடி, அந்தப் பட்டியலையும் பதிலோடு சேர்த்து அனுப்புங்கள்.