கிழக்கைக் குறிக்கும் சீன எழுத்தில் சூரியன் இல்லை

சீனம் படிக்க வருகிறவர்களில் பலர், வகுப்பில் சேருவதற்கு முன்பே ஒரு கதையைக் கேட்டிருப்பார்கள். கிழக்கைக் குறிக்கும் ‘டோங்’ (東) எழுத்து, மரத்துக்குப் பின்னால் சூரியன் உதிக்கும் காட்சி என்பார்கள். டோக்கியோ என்ற பெயரை எழுதும்போது முதல் எழுத்து இது, தென்சீன மாகாணமான குவாங்டோங்கின் கடைசி எழுத்தும் இதுதான். பார்க்கவும் அப்படியே இருக்கும்: மரத்துக்கான எழுத்து, அதன் நடுவே சூரியனுக்கான பெட்டி.

கதை புதிதல்ல. கி.பி. 100-இல் ஷூ ஷென் தொகுத்த ‘ஷுவோவென் ஜியேட்ஸு’ அகராதியிலேயே இந்த விளக்கம் உண்டு. அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் கீறப்பட்ட எழுத்துகள் சீனாவின் ஆன்யாங் நகர மண்ணுக்குள் கிடந்தன. 1899-இல்தான் அறிஞர்கள் அவற்றை அடையாளம் கண்டார்கள்.

அந்த எலும்புகளில் ‘டோங்’ எப்படி இருக்கிறது தெரியுமா? இரண்டு முனையிலும் கயிறு போட்டுக் கட்டிய ஒரு மூட்டை. நடுவில் புடைத்து, மேலும் கீழும் சுருங்கி, கட்டின் நுனிகள் விரிந்து நிற்கும். திசையைப் படமாக வரைய முடியாது. அதனால் ஒலிக்காக இந்த எழுத்தை இரவல் வாங்கினார்கள் என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு. ‘கனம்’ என்பதற்கான எழுத்தின் பழைய வடிவத்தில் ஓர் ஆளும் இதே மூட்டையும் சேர்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த சான்று.

சரி, நினைவில் நிற்க உதவும் கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். நினைவுக்குறிப்பு என்று சொல்லிக் கொடுத்தால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. வரலாறு என்று நம்பும்போதுதான் சிக்கல். உறைதலைக் குறிக்கும் எழுத்தில் இடப்பக்கம் பனிக்கட்டிக் குறி, வலப்பக்கம் ‘டோங்’. உடனே ‘கிழக்கிலிருந்து வரும் குளிர்’ என்று மாணவர் ஒரு கதை கட்டுகிறார். வீட்டின் முகட்டு உத்தரத்துக்கான எழுத்தில் மரமும் ‘டோங்’கும் இருக்கின்றன, அதற்கும் ஒரு கதை. உண்மையில் இரண்டிலும் ‘டோங்’ உச்சரிப்பை மட்டும்தான் காட்டுகிறது. இன்று புழங்கும் எழுத்துகளில் பெரும்பாலானவை இப்படித்தான் அமைந்தவை: ஒரு பகுதி பொருளுக்கு, மறு பகுதி ஒலிக்கு. எல்லாமே படம் என்று நினைப்பவருக்கு இந்த ஒலிக்குறிப்பு கண்ணிலேயே படாது.

அதோடு, சீனாவில் 1956-இல் வந்த ‘டோங்’கின் சுருக்க வடிவத்தில் (东) அந்தச் சூரியப் பெட்டியே கிடையாது. ஆகவே ஃபிளாஷ் கார்டிலோ ஆப்பிலோ அழகான கதை கண்ணில் பட்டால், அந்த எழுத்தின் எலும்பு வடிவத்தை ஒருமுறை தேடிப் பாருங்கள். அப்புறம் அதே பகுதி வரும் வேறு நாலு எழுத்துகளை வாய்விட்டுப் படியுங்கள்.