இரட்டைக் கண்ணாடி ஜன்னல்: வடசென்னை வீட்டில் எந்த அறைக்குத் தேவை?

ஜன்னல் மாற்றுபவர்கள் முதலில் கேட்பது, "டபுள் கிளேஸ் போட்டால் ஏசி பில் குறையுமா?" என்றுதான். குறையும். ஆனால் இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறைக்கு, கூடுதலாகக் கொடுக்கும் பணம் அந்தச் சேமிப்பில் திரும்பி வராது. கணக்கைப் பாருங்கள்.

வீட்டுக்கு உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், 6 மி.மீ. ஒற்றைக் கண்ணாடி சதுர மீட்டருக்குச் சுமார் 5.7 வாட் வெப்பத்தை உள்ளே விடும். நடுவில் 12 மி.மீ. காற்று அடைபட்ட 6-12-6 இரட்டைக் கண்ணாடியில் அது சுமார் 2.8 வாட். பாதியாகிறது என்பது உண்மை. ஆனால் இரவில் வெளியே 29, அறையில் 25 என்றால் வித்தியாசமே நான்கு டிகிரிதான். 5 அடிக்கு 4 அடி ஜன்னலில் தடுபடும் வெப்பம் 22 வாட்டுக்குள் அடங்கிவிடும். அதை வெளியேற்ற நல்ல இன்வெர்ட்டர் ஏசிக்கு ஆறேழு வாட் மின்சாரம் போதும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்குதான் மிச்சம். லடாக்கிலோ ஐரோப்பாவிலோ வெளியே உறைபனி இருக்கும்போது வித்தியாசம் 25, 30 டிகிரி வரும். இரட்டைக் கண்ணாடிக்குப் பேர் கிடைத்தது அங்கேதான்.

நம் வீட்டைச் சுடவைப்பது நேர் வெயில். மேற்குச் சுவரில் மாலை வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட் விழுகிறது என்று வையுங்கள். சாதாரண ஒற்றைக் கண்ணாடி அதில் 400 வாட்டுக்கு மேல் உள்ளே விடும். சாதாரண இரட்டைக் கண்ணாடியும் 350 வாட் விடும். பூச்சு உள்ள சோலார் கன்ட்ரோல் கண்ணாடி ஒற்றையாகவே இருந்தாலும், வகையைப் பொறுத்து, இதைப் பாதியாக்கிவிடும். அதனால் "சிங்கிளா, டபுளா" என்று கேட்பதற்கு முன்னால் "எந்தத் திசை, என்ன நிழல்" என்று கேளுங்கள். தெற்கு ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேடு போதும். மேற்கில் நாலு மணி வெயில் சன்ஷேடுக்குக் கீழே நுழைந்துவிடும். அங்கே வெளிப்புறம் மூங்கில் தட்டி அல்லது செங்குத்து லூவர் (வரிசையாக நிற்கும் பட்டைத் தடுப்பு) வேண்டும். உள்ளே தொங்கும் திரைச்சீலை, வெப்பம் அறைக்குள் வந்த பிறகுதான் அதை மறிக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் மதியத்துக்கு மேல் கடற்காற்று வரும். பழைய வண்ணாரப்பேட்டையில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும்தான் காற்று வழி. திறந்து வைத்த ஜன்னலில் எத்தனை கண்ணாடி இருந்தாலும் ஒன்றுதான். வீடுகளில் எரிசக்தியைச் சேமிப்பதற்கான மத்திய அரசின் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018' விதித்தொகுப்பு, சென்னை போன்ற வெப்ப ஈரப்பதப் பகுதிகளுக்குத் திறக்கும் பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும் என்பதை மறந்து அளவு எடுத்தால் வீடு புழுங்கும்.

பகல் முழுக்க ஏசியோடு மூடியே இருக்கும் அறை, முதியவரோ நோயாளியோ படுத்திருக்கும் மேற்கு அறை என்றால் இரட்டைக் கண்ணாடி எடுங்கள். அதிலும் வெளிப்பக்கக் கண்ணாடி சோலார் கன்ட்ரோலாக இருக்கட்டும்.

சத்தத்துக்காகக் கேட்பவர்கள் தனி. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கமும் இரவெல்லாம் கன்டெய்னர் லாரி ஓடும். கொருக்குப்பேட்டையில் ரயில். இவர்கள் சாதாரண 6-12-6 போட்டுவிட்டு ஏமாந்து போவது அதிகம். ஒரே தடிமனில் இரண்டு கண்ணாடி, நடுவே 12 மி.மீ. மட்டும் என்றால், இரண்டும் சேர்ந்து சுமார் 200 ஹெர்ட்ஸில் அதிர்ந்து, அந்தத் தாழ்ந்த சுருதிச் சத்தத்தை உள்ளே விட்டுவிடும். லாரி உறுமலும் இதுபோன்ற தாழ்ந்த சத்தம்தான். 6 மி.மீ. ஒற்றைக்கும் இதற்கும் ஒன்றிரண்டு டெசிபல்தான் வித்தியாசம். ஒரு பக்கம் 8 அல்லது 10 மி.மீ., மறுபக்கம் லேமினேட் (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி) என்று தடிமனை மாற்றினால்தான் பலன் தெரியும்.

அதைவிட முக்கியம் இடுக்கு. ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடியும் 20 டெசிபலைத் தாண்டித் தடுக்காது. ஸ்லைடிங்கில் இடுக்கை அடைக்கும் பிரஷ் வழியே சத்தம் புகும். சாலை பார்த்த அறைக்கு, ரப்பர் கேஸ்கெட்டும் பல இடங்களில் பூட்டும் லாக்கும் உள்ள, கீலில் கதவு போலத் திறக்கும் கேஸ்மென்ட்தான் சரி. 9 அங்குலச் சுவர் உள்ள பழைய வீட்டில் இருக்கிற ஜன்னலைப் பிடுங்காமல், 100 மி.மீ. உள்ளே தள்ளி இன்னொரு ஜன்னல் போடலாம். அதிர்வு 70 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். சத்தத்துக்கு என் முதல் தேர்வு இதுதான். நல்ல வழி, ஆனால் ஏனோ அதிகம் பேர் கேட்பதில்லை.

இரட்டைக் கண்ணாடி எடுப்பதாக முடிவு செய்தால் அதன் ஓரத்தைப் பாருங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரப்பிய அலுமினிய ஸ்பேசர் (இரண்டு கண்ணாடியையும் பிரித்து வைக்கும் சட்டம்), அதன் இருபுறமும் பியூட்டைல் என்ற ரப்பர் பசைப் பட்டை, அதற்கு வெளியே பாலிசல்பைடு அல்லது சிலிக்கான் சீல் என்று இரண்டு அடுக்கு இருக்க வேண்டும். ஃபிரேமில் இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடியைச் சொருகி சிலிக்கான் பூசியதை டபுள் கிளேஸ் என்று வாங்காதீர்கள். முதல் மழைக்கே நடுவில் ஆவி படியும். அதைத் துடைக்க வழியில்லை, கண்ணாடியையே மாற்ற வேண்டும். ஒழுங்கான யூனிட்டும் கெடும், ஃபிரேமின் கீழ்ப்பள்ளத்தில் தண்ணீர் நின்றால். கண்ணாடி பிளாஸ்டிக் கட்டைகள் மேல் உட்கார வேண்டும், நீர் வெளியேறும் துளைகள் திறந்திருக்க வேண்டும். மணலி, எண்ணூர் தூசி இந்தத் துளைகளைச் சீக்கிரம் அடைக்கும். ஐப்பசிக்கு முன் குச்சியால் குத்திவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பூசுவது வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானாக இருந்தால் நிறுத்துங்கள், நியூட்ரல் வகைதான் வேண்டும்.

எடையும் கூடும். ஒரு மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 6-12-6 என்றால் 30 கிலோ. மேலே சொன்ன ஜன்னலின் ஒரு ஸ்லைடிங் கதவில் கண்ணாடி மட்டும் 28 கிலோ வரும். ரோலரும் கீலும் அந்த எடைக்கு ஏற்றவை என்று எழுதி வாங்குங்கள். கடலோரத்தில் முதலில் துருப்பிடிப்பது திருகுதான். அதனால் கீல், திருகு எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கொட்டேஷனிலேயே இருக்கட்டும். யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஃபிரேம் என்றால் உள்ளே கால்வனைஸ்டு இரும்பு வைத்திருக்கிறார்களா என்று வெட்டு முனையைக் காட்டச் சொல்லுங்கள். சென்னைக்கு இந்தியத் தரநிலை வைத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். மேல்மாடியில் பெரிய ஜன்னல் போடுபவர்கள் கண்ணாடித் தடிமனை இதற்குக் கணக்கிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். டஃபன்ட் (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியை பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. ஆகவே ஃபிரேம் அளவு உறுதியான பிறகே ஆர்டர் கொடுங்கள். கண்ணாடி வந்திறங்கும்போது மூலையில் பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 2553 முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.