ஊரறியப் பேசி ஒரு ரகசியத்தை உருவாக்குவது எப்படி?

இணையத்தில் செல்லும் ஒரு செய்தி, புறப்பட்ட இடத்திலிருந்து சேரும் இடம்வரை யார் யாருக்கோ சொந்தமான பல இயந்திரங்களைக் கடந்து போகிறது. வழியில் எவரும் அதைப் பார்த்துவிட முடியும் என்று எடுத்துக்கொண்டே மறைகுறியியல் தன் வேலையைத் தொடங்குகிறது. செய்தியை ஒளித்துவைப்பது அதன் நோக்கமல்ல. பிறர் கையில் கிடைத்தாலும் பொருள் விளங்காதபடி உருமாற்றுவதே நோக்கம்.

ஜூலியஸ் சீசர் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் முறை, ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக நெடுங்கணக்கில் மூன்று இடம் தள்ளியுள்ள எழுத்தை எழுதுவது. தமிழ் மெய்வரிசையில் இதைச் செய்தால் 'கடல்' என்பது 'ஞநள்' ஆகிவிடும். இதில் தள்ளி எழுதுவது முறை. மூன்று என்ற எண் சாவி. மெய்கள் 18 என்பதால் பயன்படக்கூடிய சாவிகள் 17தான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் சற்று நேரத்தில் செய்தி வெளிப்பட்டுவிடும்.

சீராகத் தள்ளாமல், எந்த எழுத்துக்கு எந்த எழுத்து என்று தாறுமாறாக ஓர் அட்டவணை அமைத்தால் சாவிகளின் எண்ணிக்கை சுமார் 6,400 லட்சம் கோடியாக உயர்கிறது. அதுவும் போதாது என்பதை 9ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாத் அறிஞர் அல்-கிந்தி காட்டிவிட்டார். எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில அரிதாக வரும். தமிழில் 'க', 'த' மிகுதி, 'ஞ' குறைவு. வேடம் மாறினாலும் இந்த விகிதம் மாறுவதில்லை. நீண்ட செய்தி ஒன்று கிடைத்தால், எழுத்துகளை எண்ணியே அட்டவணையை ஊகித்துவிடலாம். சாவிகள் ஏராளமாக இருக்க வேண்டும். அத்துடன் மூலச் செய்தியின் சாயல் துளியும் மிஞ்சாதிருக்க வேண்டும்.

முறையைப் பகைவன் முழுமையாக அறிந்திருந்தாலும், சாவி தெரியாதவரை செய்தி பத்திரமாக இருக்க வேண்டும் என்ற விதியை 1883இல் ஓகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற டச்சு மறைகுறியியலாளர் எழுதினார். இன்று உலகெங்கும் பயன்படும் ஏ.இ.எஸ். (AES) என்ற மறையாக்க முறை இதற்கு நல்ல சான்று. பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர் வடிவமைத்த அது, வெளிப்படையான போட்டியில் தேர்வாகி 2001இல் அமெரிக்கத் தரமாக அறிவிக்கப்பட்டது. அதன் ஒவ்வொரு படியையும் எவரும் படித்துப் பார்க்கலாம். 128 பிட் (0 அல்லது 1 என 128 இலக்கங்கள் கொண்ட) சாவி என்றால், செய்தியை 16 பைட் துண்டுகளாக்கி, இடம் மாற்றுதல், கலத்தல், சாவியோடு சேர்த்தல் முதலியவற்றை 10 சுற்றுகளில் செய்கிறது. இங்கே சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்க எண். 'எங்கள் முறை யாருக்கும் தெரியாது' என்று பெருமை பேசும் மென்பொருளைவிட, பல்லாண்டுகளாகப் பலர் உடைக்க முயன்றும் நிற்கும் இத்தகைய முறையே நம்பத்தக்கது.

ஆனால் பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி என்றால், ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத இருவர் அந்தச் சாவியை எப்படிப் பகிர்ந்துகொள்வது? 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்ட விடை வியப்பூட்டுவது: சாவியை அனுப்பவே வேண்டாம்.

சிறிய எண்களில் செய்து பார்ப்போம். 3, 17 என்ற இரு எண்களை இருவரும் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார்கள். முதலாமவர் 6 என்ற எண்ணை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, 3இன் 6ஆம் அடுக்கான 729ஐ 17ஆல் வகுத்து, மீதி 15ஐ மட்டும் அனுப்புகிறார். இரண்டாமவர் தம் ரகசிய எண்ணாக 7ஐக் கொண்டு, 2187ஐ வகுத்து, மீதி 11ஐ அனுப்புகிறார். இப்போது முதலாமவர் தமக்கு வந்த 11ஐ 6ஆம் அடுக்குக்கு உயர்த்தி 17ஆல் வகுத்தால் மீதி 8. இரண்டாமவர் தமக்கு வந்த 15ஐ 7ஆம் அடுக்குக்கு உயர்த்தி வகுத்தாலும் மீதி 8தான். எந்த வரிசையில் அடுக்கினாலும் இறுதியில் கிடைப்பது 3இன் 42ஆம் அடுக்கின் மீதியே என்பதால் இரு விடைகளும் ஒத்துப்போகின்றன. ஒட்டுக்கேட்டவருக்கு 3, 17, 15, 11 ஆகிய நான்கும் தெரியும். சாவியான 8 மட்டும் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

17 போன்ற சிறு எண்ணில் ரகசிய அடுக்கைத் தேடிப் பிடித்துவிடலாம். அதனிடத்தில் 600க்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட பகா எண்ணை வைத்தால், அடுக்கை உயர்த்துவது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. மீதியிலிருந்து அடுக்கைக் கண்டுபிடிப்பதோ இன்றைய கணினிகளுக்கு நடவாத காரியம். எளிய வழியே கிடையாது என்று எவரும் நிரூபித்துவிடவில்லை. இதுவரை எவருக்கும் அகப்படவில்லை, அவ்வளவே.

இதில் ஓர் ஓட்டை உண்டு. மறுமுனையில் இருப்பவர் யார் என்பதை இந்தக் கணக்கு சொல்வதில்லை. நடுவில் ஒருவர் புகுந்து இரு பக்கமும் தனித்தனிச் சாவி அமைத்துக்கொண்டால் இருவருக்குமே தெரியாது. ஆகவே அனுப்பும் எண்ணோடு மின்னொப்பமும் சேர்க்கப்படுகிறது. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகியோர் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. முறையில், உரியவர் மட்டுமே வைத்திருக்கும் சாவியால் இடப்பட்ட ஒப்பத்தை, அனைவருக்கும் தெரிந்த இணைச் சாவியால் எவரும் சரிபார்க்கலாம்.

இவ்விரு முறைகளையும் போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி முறியடித்துவிடும் என்று பீட்டர் ஷோர் 1994இல் நிறுவினார். அத்தகைய கணினி இன்னும் வரவில்லை என்றாலும், இன்றைய செய்திகளைச் சேமித்துவைத்துப் பின்னாளில் திறக்கலாம் என்பதால் காத்திருக்க இயலாது. குவாண்டம் கணினியையும் தாங்கி நிற்பதற்கான புதிய தரங்களை அமெரிக்கா 2024இல் வெளியிட்டது. சில இணைய உலாவிகள் ஏற்கெனவே பழைய கணக்கையும் புதிய கணக்கையும் சேர்த்தே சாவியை உருவாக்கிக்கொள்கின்றன.