குவாரி வெடி அதிர்வு: உங்கள் வீட்டு அஸ்திவாரத்துக்கு விதி தரும் வரம்பு

சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலையடிவாரத்தில் செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டி பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கம் இருக்கிறது. ஓமலூர், சங்ககிரி பக்கம் போனால் கல் குவாரிகள். வெடி வைத்ததும் வீடு குலுங்குகிறது, சுவரில் கோடு விடுகிறது என்று மனு கொடுத்தால், "அதிர்வு வரம்புக்குள்தான் இருக்கிறது" என்ற ஒற்றை வரிப் பதிலோடு கோப்பை மூடிவிட இடமுண்டு. எந்த வரம்பு, எந்த இடத்தில் அளந்தது, அதிர்வெண் (நொடிக்கு எத்தனை முறை ஆடியது என்ற ஹெர்ட்ஸ் கணக்கு) எவ்வளவு என்ற மூன்றும் தெரியாமல் அந்தப் பதிலை ஏற்க வேண்டியதில்லை.

வரம்பை வகுத்தது மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம், சுருக்கமாக டிஜிஎம்எஸ். அதன் 1997ஆம் ஆண்டு 7ஆம் எண் தொழில்நுட்பச் சுற்றறிக்கைதான் அடிப்படை. அதிர்வின்போது மண் அசையும் உச்ச வேகத்தை, நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று அது கணக்கிடுகிறது. குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத குடியிருப்பு வீடுகளுக்கு, மண் வீடானாலும் செங்கல் சிமென்ட் வீடானாலும், அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் வரம்பு 5 மி.மீ. 8 முதல் 25 ஹெர்ட்ஸ் வரை 10 மி.மீ. 25க்கு மேல் 15 மி.மீ. பழமையான கோயில் போன்ற வரலாற்றுச் சின்னங்களுக்கும் எளிதில் பாதிக்கப்படும் கட்டடங்களுக்கும் இதே வரிசையில் 2, 5, 10. தொழிற்கூடக் கட்டடங்களுக்கு 10, 20, 25. குவாரிக்காரரின் சொந்தக் கட்டடங்களுக்கு வரம்பு இன்னும் தளர்வு. ஆகவே குவாரி அலுவலகச் சுவரோரம் எடுத்த அளவை உங்கள் வீட்டுக்குப் பொருத்த முடியாது. அளவீடு உங்கள் வீட்டின் அஸ்திவார மட்டத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

"இது சின்ன குவாரி, சுரங்கச் சட்டத்துக்குள் வராது" என்ற பேச்சும் அடிபடும். 2025 வரை நடப்பில் இருந்த 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் கட்டடக் கல், ஜல்லி போன்றவற்றுக்கு ஒரு விலக்கு தந்தது உண்மை. ஆனால் ஆழம் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது, எந்த நாளிலும் 50 பேருக்கு மேல் வேலை செய்யக்கூடாது, வெடிமருந்து பயன்படுத்தக்கூடாது என்ற மூன்று நிபந்தனையும் சேர்ந்து இருந்தால்தான் அந்த விலக்கு. மருந்து வைத்த அன்றே விலக்கு போய்விடும்.

அதிர்வெண்ணைப் பொறுத்து வரம்பு மாறக் காரணம் உண்டு. ஒன்றிரண்டு மாடி வீடுகள் இயல்பாகவே ஏறத்தாழ 4 முதல் 12 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஆடக்கூடியவை. மண்ணில் வரும் அலையும் அதே வேகத்தில் இருந்தால் வீடு கூடுதலாக ஆடும். பாறையில் கிளம்பும் வேகமான அதிர்வுகள் தூரம் போகப் போகத் தேய்ந்துவிடும். மெதுவான அலைகள் மிஞ்சும். ஆழமான மண்ணின் மேல் நிற்கும் தூரத்து வீட்டில் மில்லிமீட்டர் கணக்கு குறைந்தாலும், வரம்பும் 15இலிருந்து 5க்கு இறங்கிவிடலாம். "அவ்வளவு தூரத்தில் ஒன்றும் ஆகாது" என்று அளக்காமலே சொல்வது அதனால்தான் தவறு.

இனி கருவி. ஜியோஃபோன் என்ற உணரி, வெடியை நோக்கிய அச்சு, பக்கவாட்டு அச்சு, மேல்கீழ் அச்சு என்று மூன்று திசையிலும் அளக்கும். வீட்டின் குவாரி பார்த்த பக்கத்தில், சுவரிலிருந்து 3 மீட்டருக்குள், மட்டம் பார்த்து மண்ணில் புதைக்க வேண்டும். அம்புக்குறி வெடிக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். திண்ணை மேலோ தளர்ந்த மண்ணிலோ சும்மா வைத்தால், பலத்த அதிர்வில் கருவியே நழுவித் தவறான அளவைக் காட்டும்.

வெடி நாளில் மட்டும் ஆள் வந்து அளப்பதைவிட, நிரந்தரமாகக் கருவி வைத்து சிம் கார்டு வழியே பதிவுகளை அனுப்பும் ஏற்பாட்டைக் கேட்டுப் பெறுவது நல்லது. ஆனால் அதிலும் கோளாறு வரும். ஜியோஃபோன் தரும் மின்குறி மிக மெல்லியது. அதை நீண்ட கேபிளில் இழுத்து, கிரஷரின் மோட்டார் லைன் பக்கத்தில் கொண்டுபோனால் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் ஒட்டிக்கொள்ளும். அறிக்கை அந்த 50ஐ முதன்மை அதிர்வெண்ணாக எடுத்துக்கொண்டால், 5 மி.மீ. வரம்பு 15 ஆகிவிடும்! உணரிக்குப் பக்கத்திலேயே டிஜிட்டலாக மாற்றி அனுப்புவதுதான் சரி. சோலார் தகட்டில் கல்தூசி படிந்தால் பேட்டரி இறங்கிப் பதிவு விட்டுப்போகும். மலைச்சரிவு மறைத்தால் சிக்னல் கிடைக்காது. அதனால் பதிவு கருவிக்குள்ளும் சேமிப்பாக வேண்டும். கடிகாரம் ஜிபிஎஸ் நேரத்தோடு ஓட வேண்டும். நேரம் பொருந்தாவிட்டால், அது வெடியா, பக்கத்தில் போன டிப்பர் லாரியா என்று பிரிக்க முடியாது.

இன்னொன்று, பதிவைத் தொடங்கும் அளவு. கருவியை 0.5 மி.மீ.யில் தொடங்கும்படி வைக்காமல் 5இல் வைத்திருந்தால், 4.9 வரை எதுவுமே பதிவாகாது. "பதிவு இல்லை" என்ற தாளுக்கு "அதிர்வு இல்லை" என்று பொருள் கிடையாது.

அறிக்கையை வாசிக்கும் விதம் இது. ஒரு தாளில் மேல்கீழ் அச்சு 8.4 மி.மீ., 31 ஹெர்ட்ஸ். பக்கவாட்டு அச்சு 6.2 மி.மீ., 7 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். சுருக்கத்தில் "உச்சம் 8.4, வரம்பு 15, சரி" என்று எழுதிவிடலாம். ஆனால் பக்கவாட்டில் வந்த 6.2, 7 ஹெர்ட்ஸுக்கான 5 மி.மீ.யைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு அச்சையும் அதனதன் அதிர்வெண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். அதனால் சுருக்கத்தோடு நிற்காமல் அலைவரைபடத்தையும் கேளுங்கள். அதோடு வெடிப் பதிவேட்டின் நகலும் வேண்டும்: குழிகள் எத்தனை, ஒரே டிலேயில் (குழிகளை மில்லிநொடி இடைவெளி விட்டு வெடிக்கும்போது ஒரே தவணையில்) வெடித்த அதிகபட்ச மருந்து எத்தனை கிலோ, வீடு எத்தனை மீட்டர் தூரம். அதிர்வைத் தீர்மானிப்பது மொத்த மருந்தைவிட ஒரே டிலேயில் வெடிக்கும் மருந்துதான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மனித உடல் 1 மி.மீ. அளவு அதிர்வையே உணர்ந்துவிடும். ஜன்னல் கடகடப்பது பல நேரம் காற்றழுத்த அலையால். எனவே குலுங்கியது என்பது மட்டும் விதிமீறலுக்குச் சான்றாகாது; அளவீடுதான் சான்று.

தூரத்துக்குத் தனி விதி உண்டு. தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959இன் 36ஆவது விதிப்படி, குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது. வருவாய்ப் பதிவேட்டில் உள்ள நத்தமும், அனுமதி பெற்ற மனைப்பிரிவும் குடியிருப்பாகக் கொள்ளப்படும்.

மனுவை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கலாம். புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்கும் டிஜிஎம்எஸ் சென்னை அலுவலகத்துக்கும் நகல் அனுப்புங்கள். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற குவாரி ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனை இணக்க அறிக்கை தர வேண்டும். அதிர்வு அளவீடு அனுமதியின் நிபந்தனையாக இருந்தால் அதிலேயே இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். மாநில அலுவலகத்துக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம், டிஜிஎம்எஸ்ஸுக்கு அஞ்சல் ஆணை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும்.