டயாலிசிஸ் நோயாளியும் வைட்டமின் மாத்திரையும்: எது வேண்டும், எது வேண்டாம்

டயாலிசிஸுக்கு வருபவர்களின் மருந்துப் பையில் மருத்துவர் எழுதாத வைட்டமின் அட்டை ஒன்று இருப்பது சகஜம். ‘சத்துதானே, என்ன செய்துவிடும்’ என்று வாங்கியதாக இருக்கும். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் அது நிறையவே செய்யும்.

ரத்தம் டயலைசரின் (ரத்தத்தை வடிகட்டும் கருவியின்) சவ்வைத் தொட்டதும் வெள்ளை அணுக்கள் அதை அந்நியப் பொருளாகக் கண்டு சிலிர்த்துக்கொள்கின்றன. தொடங்கிய சில நிமிடங்களிலேயே, செல்களைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளிவிடுகின்றன. இதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். பழைய செல்லுலோஸ் சவ்வுகளில் இது கடுமையாக இருந்தது. இன்றைய பாலிசல்ஃபோன் சவ்வில் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ரத்தசோகைக்காக நரம்பில் ஏற்றும் இரும்பு வேகமாகப் போனால், புரதத்தோடு ஒட்டாத இரும்பு மிஞ்சி இதே தீயில் எண்ணெய் ஊற்றும்.

தாக்குதல் நடக்கும் அதே டயாலிசிஸ் அமர்வில், அதைத் தடுக்க வேண்டிய காவலாளியும் வெளியேறுகிறார். வைட்டமின் சி சிறிய மூலக்கூறு, தண்ணீரில் கரையும், யூரியாவைப் போலச் சவ்வைக் கடந்து போய்விடும். போதாததற்கு, பொட்டாசியத்துக்குப் பயந்து பழங்களையும் குறைத்திருப்பார்கள். ஈறில் ரத்தம் கசிந்தாலோ தோலில் நீலத் திட்டுகள் வந்தாலோ பழி முழுவதும், டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் மேல் விழுகிறது. வைட்டமின் சி குறைபாட்டையும் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

குறைபாட்டுக்கு வாய்ப்புள்ளவர்களுக்கு, ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 90 மி.கி., பெண்களுக்கு 75 மி.கி. கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளலாம் என்கிறது அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் 2020 வழிகாட்டி. கடையில் கிடைக்கும் சப்பும் மாத்திரையோ 500 மி.கி. கிட்டத்தட்ட ஒரு வாரத் தேவையை ஒரே நாளில் விழுங்குகிறார்கள். மிஞ்சும் வைட்டமின் சி உடம்பில் ஆக்சலேட்டாக மாறும். அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். அது இயங்காதபோது, டயாலிசிஸ் எடுத்ததுபோக மீதி மூட்டு, ரத்தக்குழாய், இதயத் தசை என்று படியலாம். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரை இன்னும் மோசம். அதில் சோடியமும் சேர்ந்திருக்கும். தாகம் கூடி, அடுத்த அமர்வுக்குள் எடை ஏறும். ரத்தத்தில் வைட்டமின் சி மிக அதிகமானால் சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலினை ஏற்றினால் ஆபத்து.

டயாலிசிஸ் நாளில், தண்ணீரில் கரையும் வைட்டமின்களை அமர்வு முடிந்த பிறகு எடுங்கள். காலையில் விழுங்கிவிட்டு வந்தால் அதில் ஒரு பகுதி இயந்திரத்தோடு போய்விடும்.

வைட்டமின் ஏ விஷயம் நேர்மாறு. பெரிய புரதத்தில் ஒட்டிக்கொண்டு ஓடுவதால் சவ்வைக் கடக்காது. அந்தப் புரதத்தைச் சிதைக்கும் சிறுநீரகமும் செயலிழந்திருக்கும். அளவு ஏற்கெனவே கூடுதலாகவே இருக்கும். மேலும் சேர்த்தால் கால்சியம் ஏறலாம், கல்லீரல் கெடலாம். ஆகவே சாதாரண மல்டிவைட்டமினும் மீன் ஈரல் எண்ணெயும் வேண்டாம். லேபிளில் ‘ரெட்டினால்’, ‘ரெட்டினைல் பால்மிடேட்’ என்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள். டயாலிசிஸ் நோயாளிகளுக்கென்றே வைட்டமின் ஏ சேர்க்காத மாத்திரைகள் உள்ளன.

வைட்டமின் ஈ-யில்தான் வாதம் அதிகம். 2000-இல் வெளியான ‘ஸ்பேஸ்’ ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த 196 டயாலிசிஸ் நோயாளிகளில் தினம் 800 சர்வதேச அலகு எடுத்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற பாதிப்புகள் குறைந்தன. மொத்த இறப்பு குறையவில்லை. சிறிய ஆய்வு. அதை வைத்து எல்லோருக்கும் எழுத முடியாது. மேலே சொன்ன வழிகாட்டியும் ஏ, ஈ இரண்டையும் வழக்கமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு அதிக அளவு வைட்டமின் ஈ ரத்தப்போக்கைக் கூட்டும்.

மாத்திரையைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். நகராட்சிக் குடிநீரில் கிருமிநாசினியாகக் கலக்கும் குளோரமின் கடுமையான ஆக்சிஜனேற்றி. அது டயாலிசிஸ் திரவத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் உடையும். காரணமில்லாமல் ஹீமோகுளோபின் சரிந்தாலோ, பலருக்கு ஒரே நேரத்தில், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசி வேலை செய்யாமல் போனாலோ முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஆர்.ஓ. சவ்வு குளோரமினை நம்பும்படியாகப் பிடிக்காது. பிடிப்பது அதற்கு முன்னால் உள்ள இரண்டு கார்பன் தொட்டிகள். டயாலிசிஸ் மையத்தில் ஒவ்வொரு ஷிஃப்டும் தொடங்கும் முன், தண்ணீர்ச் சுத்திகரிப்புத் தொகுதி 15 நிமிடமாவது ஓடிய பிறகு, முதல் தொட்டிக்குப் பின்னால் மாதிரி எடுத்து மொத்தக் குளோரின் பார்க்க வேண்டும். வரம்பு லிட்டருக்கு 0.1 மி.கி. அதைத் தாண்டினால் இரண்டாவது தொட்டிக்குப் பின்னாலும் பாருங்கள். அது சரியாக இருந்தால் முதல் தொட்டியை மாற்ற ஏற்பாடு செய்து, அதுவரை அடிக்கடி சோதித்தபடி தொடரலாம். அதுவும் தாண்டியிருந்தால் அன்றைக்கு எவரையும் இயந்திரத்தில் இணைக்கக் கூடாது. ஏற்கெனவே இணைத்திருந்தால் உடனே நிறுத்துங்கள்.