சிங்கப்பூர் ஈரக்காற்றும் பழைய தோல் கைப்பையும்

பிறர் பயன்படுத்திய தோல் கைப்பைகள் சிங்கப்பூரில் தாராளமாகக் கிடைக்கின்றன. கேரோசெல் செயலியில் நாள்தோறும் புதிய விளம்பரங்கள் வருகின்றன. ஆர்ச்சர்ட் வட்டாரத்தின் லக்கி பிளாசா, ஃபார் ஈஸ்ட் பிளாசா போன்ற பழைய கடைத்தொகுதிகளில் அவற்றை விற்கும் கடைகள் உள்ளன. சால்வேஷன் ஆர்மி நடத்தும் கடைகளில், நன்கொடையாக வந்த பைகள் மலிவாகக் கிடைக்கும். அப்படி வாங்கி வந்த பையில் பெரும்பாலும் கைப்பிடி கறுத்திருக்கும், உள்ளே புழுங்கிய வாடை வீசும், மடிப்புகளில் வெண்மையாக ஏதோ படிந்திருக்கும். இவற்றைச் சரிசெய்ய இணையத்தில் தேடுபவர் கண்ணில் படும் அறிவுரைகளில் பல, குளிர்காலத்தில் காற்று வறண்டுபோகும் நாடுகளில் எழுதப்பட்டவை. தோலுக்கு அடிக்கடி எண்ணெய்ப்பசை ஊட்ட வேண்டும் என்று அவை வலியுறுத்துகின்றன. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் தீவில் அந்த அறிவுரையை அப்படியே பின்பற்றினால் பூஞ்சணம்தான் வளரும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை அறிய, தோல் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

விலங்கின் தோலில் பதனிடத் தகுந்த பகுதி கொலாஜென் என்னும் புரத இழைகளால் ஆனது. மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருக்கும் அமைப்பு அது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55 ஆண்டுகளில் முன்வைத்தனர். அந்த மும்முறுக்கு மாதிரி, சில திருத்தங்களுடன் இன்றும் ஏற்கப்படுகிறது. பச்சைத் தோலை ஈரத்தோடு விட்டால் நுண்ணுயிர்கள் இந்த இழைகளைத் தின்று அழுகச் செய்யும். உலர்த்தினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடும். இழைகளுக்கு இடையே நிலையான பிணைப்புகளை ஏற்படுத்தி அழுகலைத் தடுப்பதே பதனிடுதல். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பட்டையில் உள்ள டானின் என்னும் பொருள் அந்தப் பிணைப்பை ஏற்படுத்தியது. இன்று உலகில் உற்பத்தியாகும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பால் பதனிடப்படுகிறது.

இந்த இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு வீட்டில் பையைத் துடைப்பவருக்கும் தேவையான செய்தி. நனைந்த பச்சைத் தோலைச் சூடாக்கினால் ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் கொலாஜெனின் முறுக்கு அவிழ்ந்து தோல் சட்டென்று சுருங்கிவிடும். தாவரப் பொருளால் பதனிட்ட தோல் 70 முதல் 85 டிகிரி வரை தாங்கும். நன்கு குரோமியம் ஏற்றிய தோல் கொதிநீரின் வெப்பத்தையும் தாங்கக்கூடும். பழைய தோலில் பிணைப்புகள் நலிந்திருப்பதால் இந்த எல்லைகள் இன்னும் கீழே இறங்கியிருக்கும். எனவே ஈரமான பையை முடி உலர்த்தியின் சூட்டில் காயவைக்கக் கூடாது. அப்படிச் சுருங்கிய தோலை மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவர வழியே இல்லை.

பதனிட்ட தோல் காய்வதற்கு முன், நீரில் நுண்துளிகளாகக் கலந்த எண்ணெயைத் தொழிற்சாலையில் அதற்குள் ஏற்றுகிறார்கள். அந்த எண்ணெய் இழைகளைச் சூழ்ந்து, அவை ஒட்டிக்கொள்ளாமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர உதவுகிறது. பையின் மென்மைக்கு அதுவே அடிப்படை. அதன் பிறகு வருவதுதான் மேற்பூச்சு. சந்தையில் உள்ள கைப்பைகளில் மிகப் பலவற்றில் அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் பிசினில் நிறமிகளைக் கலந்து பூசி, அதன்மேல் நிறமற்ற காப்புப் படலம் ஒன்றையும் இட்டிருப்பார்கள். அத்தகைய பையைத் தொடும்போது நம் விரல் தோலைத் தொடுவதே இல்லை. மெல்லிய நெகிழிப் படலம் ஒன்றையே தொடுகிறது. அழுக்குப் படிவதும் நாம் துடைப்பதும் அந்தப் படலத்தைத்தான். மாறாகச் சாயம் மட்டும் ஏற்றி மேற்பூச்சு இல்லாமல் விட்ட தோலும், ஒரு பக்கம் மயிரிழைபோல் சுணை எழுப்பிய ஸ்வேட் தோலும் விழுந்ததையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும்.

எந்த வகை என்று அறிய, பையின் அடிப்பகுதியிலோ மூடியின் உட்புறத்திலோ ஒரு சிறு துளி நீரை வைத்துப் பார்க்கலாம். துளி உருண்டு நின்றால் மேற்பூச்சு உள்ளது. சில நொடிகளில் உள்ளே இறங்கி இடம் கறுத்தால் தோல் திறந்திருக்கிறது. அதில் நீரையும் கரைப்பான்களையும் மிகுந்த கவனத்தோடு கையாள வேண்டும். நடுவில் தேய்ந்து, ஓரங்களில் பூச்சு நிற்கும் பைகளும் உண்டு என்பதால் கைப்பிடியிலும் மூலைகளிலும் தனித்தனியே சோதிப்பது நல்லது.

வாங்குவதற்கு முன்பே உள்ளுறையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பழைய பைகள் சிலவற்றின் உட்பைகள் கையில் ஒட்டும் அளவுக்குப் பிசுபிசுத்திருக்கும். அது அழுக்காக இருக்க வேண்டியதில்லை. பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேன் பூச்சில் உள்ள எஸ்டர் பிணைப்புகளைக் காற்றிலுள்ள நீராவி ஒவ்வொன்றாக வெட்டுகிறது. நீண்ட சங்கிலிகள் துண்டுகளாகிவிட, திடமான பூச்சு பிசினாக இளகுகிறது. இந்த வினையின் போது உண்டாகும் அமிலம் அதே வினையை மேலும் விரைவுபடுத்துவதால், ஒருமுறை தொடங்கிவிட்டால் அது நிற்பதில்லை. மாவு தூவினால் ஓரிரு வாரம் மறைந்திருக்கும், அவ்வளவே. அந்த உறையை வெட்டி எடுத்துவிட்டுப் பருத்தித் துணியில் புதிதாகத் தைத்துக்கொள்வதே நிலையான தீர்வு.

இனி வெண்படலத்துக்கு வருவோம். அது பூஞ்சணமாகவும் இருக்கலாம், தோலின் உள்ளிருந்து மேலே வந்த கொழுப்பாகவும் இருக்கலாம். தோலில் ஏற்றிய எண்ணெய்களில் உள்ள நிறைவுற்ற கொழுப்பமிலங்கள் மெல்ல மேற்பரப்புக்கு வந்து, குளிர்ந்த அறையில் வெண்ணிறமாக உறைவதுண்டு. உலர்ந்த பையில் அந்த இடத்தின் மேல் மிதமான சூட்டில் முடி உலர்த்தியைச் சில நொடிகள் காட்டினால் கொழுப்பு உருகி மறையும்; பூஞ்சணம் மறையாது. கொழுப்பாக இருந்தால் மென்மையான உலர்துணியால் துடைத்தாலே போதும்.

பூஞ்சணமாக இருந்தால் வேலை கூடுதல். அதன் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் மிதக்கின்றன. அவற்றை ஒழித்துக்கட்ட இயலாது. முளைப்பதற்கு அவற்றுக்குத் தேவை உணவும் ஈரமும். தோல் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலான நீரைக் காற்றிலிருந்து ஏற்று வைத்திருக்கக்கூடியது. சுற்றுக்காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால், அந்த நீர் பூஞ்சணத்துக்கு எட்டிவிடுகிறது. சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி, மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்த பைக்கு இந்தப் பிற்பகல் இறக்கம் பெரிய உதவி. அலமாரிக்குள் அடைபட்ட பைக்கு அது கிடைப்பதில்லை. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தடித்த எஃகுக் கதவோடு அமைந்த பாம் ஷெல்டர் என்னும் வெடிகுண்டுப் புகலிட அறையைப் பலர் சாமான் அறையாக்கியிருக்கிறார்கள். கதவை மூடிவிட்டால் காற்றோட்டம் மிகக் குறைவு என்பதால், தோல் பொருள்களுக்கு வீட்டிலேயே மிக மோசமான இடம் அதுவாகத்தான் இருக்கும்.

பூஞ்சணம் பிடித்த பையை முகக்கவசம் அணிந்து, சன்னலோரத்தில், பிற பைகளிலிருந்து விலக்கி வைத்து, முதலில் உலர்ந்த தூரிகையால் துடைக்க வேண்டும். ஈரத்துணியில் தொடங்கினால் வித்துகள் தையல் துளைகளுக்குள் நுழைந்துவிடும். அடுத்து 70 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணியால் ஒற்றலாம். நீர் கலக்காத ஆல்கஹால் விரைவில் ஆவியாகிவிடும். பூஞ்சணச் செல்லின் வெளிப்புறப் புரதத்தை மட்டும் உறையவைத்து, உள்ளே புக முடியாமல் நின்றும்விடும். கலந்துள்ள நீர் அது உள்ளே செல்ல உதவுகிறது. ஆனால் ஆல்கஹால் சாயத்தையும் சில மேற்பூச்சுகளையும் கரைக்கும் என்பதால், மறைவான இடத்தில் சோதிக்காமல் இதைச் செய்யக் கூடாது. பிறகு மின்விசிறிக் காற்றில் நிழலில் காயட்டும். கொளுத்தும் வெயிலில் வைத்தால் புற ஊதாக் கதிர்கள் சாயத்தை வெளுக்கச் செய்யும். எஞ்சிய வாடைக்கு, பையையும் திறந்த கிண்ணத்தில் செயலூட்டிய கரியையும் ஒரே பெட்டியில் சில வாரங்கள் மூடி வைப்பது பலன் தரும்.

அழுக்கை அகற்றும் முறையில் பலரும் தவறுவது காரத்தன்மை தொடர்பாகத்தான். அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டுவது பிஎச் அளவு; அதில் 7 நடுநிலை. பதனிட்ட தோலின் பிஎச் அளவு பொதுவாக 3.5-க்கும் 5-க்கும் இடையே இருக்கும். அதாவது தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. குளியல் சோப்பின் பிஎச் அளவு 9 அல்லது 10. சமையல் சோடாக் கரைசல் 8-ஐத் தாண்டும். இந்தக் காரத்தன்மை, திறந்த தோலில் டானின் பிணைப்புகளைத் தளர்த்தி அந்த இடத்தைக் கறுக்க வைக்கிறது. ஆகவே தோலுக்கென்று விற்கும், நடுநிலைக்குச் சற்றுக் கீழான பிஎச் அளவுள்ள தூய்மிப்பானே பாதுகாப்பானது. அதையும் நீராக ஊற்றாமல், ஸ்பஞ்சில் நுரையாக்கி நுரையை மட்டும் பயன்படுத்த வேண்டும். நுரையில் நீர் மிகக் குறைவு, பரப்போ மிக அதிகம். அழுக்கைச் சூழும் மூலக்கூறுகள் வேலை செய்வதற்குப் பரப்புத்தான் தேவை.

ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை உள்ள பகுதி முழுவதையும் ஒரே மூச்சில் துடைத்து முடிப்பது நல்லது. கறையுள்ள இடத்தை மட்டும் நனைத்தால், உள்ளே கரைந்த பொருள்களை நீர் சுமந்துசென்று, உலரும் விளிம்பில் விட்டுவிடும். காய்ந்த பிறகு அங்கே ஒரு வளையம் தெரியும்.

கைப்பிடியின் கருமை வேறு வகை. அது கையிலிருந்து வந்த எண்ணெயும் வியர்வை உப்பும் தூசியும் சேர்ந்தது. பூச்சில் உள்ள நுண்ணிய வெடிப்புகள் வழியே அது இழைகளுக்குள் இறங்கியிருக்கும். நுரையால் மேலடுக்கு போகும். அதன்பின் சோளமாவைப் பூசி ஓரிரவு வைத்தால், மாவுத் துகள்களின் இடுக்குகள் கொஞ்சம் எண்ணெயை உறிஞ்சும். முழுவதும் வெளியே வராது. கடுமையாகத் தேய்த்தால் எண்ணெய்க்கு முன் பூச்சுதான் போகும். பேனா மைக்கறையும் அப்படியே. மையைக் கரைக்கும் திரவம் பூச்சையும் கரைக்கும், நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் நிச்சயமாகக் கரைக்கும். சில கறைகளோடு வாழப் பழகுவது பையின் ஆயுளுக்கு நல்லது.

உலோக வளையங்களின் அருகில் பச்சை நிறத்தில் மெழுகுபோல் படிவது, பித்தளையிலுள்ள செம்பும் தோலின் கொழுப்பமிலமும் சேர்ந்து உண்டான செம்புச் சோப்பு. மரக்குச்சியால் சுரண்டி எடுத்துவிடலாம். குத்துவிளக்குக்குப் பயன்படும் புளியை இங்கே கொண்டுவரக் கூடாது. அமிலமும் நீரும் வளையத்தின் கீழுள்ள தோலுக்குள் இறங்கிவிடும்.

மூலைகளில் நிறம் உரிந்திருந்தால், தோலுக்கான அக்ரிலிக் நிறப்பூச்சை மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பின் அடுத்ததாக ஏற்ற வேண்டும். முன்னதாக அந்த இடத்தில் எண்ணெய்ப்பசை சிறிதும் இல்லாமல் துடைப்பது கட்டாயம். காலணி மெழுகு இதற்கு மாற்றாகாது. அது துணியில் ஒட்டும், பின்னாளில் பூசும் நிறத்தையும் பிடிக்கவிடாது.

எண்ணெய்ப்பசை எப்போதுதான் தேவை? மேற்பூச்சில்லாத தோல் காய்ந்து விறைத்திருந்தால், தோலுக்கான பசையை மிக மெல்லியதாக ஆண்டில் ஓரிரு முறை தடவலாம். பூச்சுள்ள தோலில் அது உள்ளே போவதே கடினம்; மேலே தங்கித் தூசியைப் பிடித்து, பூஞ்சணத்துக்கு உணவாகும். நம் வீடுகளில் கைக்கு எட்டும் தேங்காயெண்ணெயைத் தடவும் ஆசையும் எழக்கூடும். அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. 24 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கும். வெப்பமான பகலில் இழைகளிடையே ஊர்ந்து பரவித் தோலைக் கறுக்க வைக்கும், குளிரூட்டிய இரவில் வெண்மையாக உறையும். நல்லெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் காற்றோடு வினைபுரிந்து நாளடைவில் சிக்குப் பிடிக்கும்.

மீட்ட பையைக் காக்க 45 முதல் 55 விழுக்காட்டு ஈரப்பதம் பொருத்தமானது. கேமராக்களுக்கான உலர்பெட்டி இதைத் தானாகவே நிலைநிறுத்தும். அது இல்லாதவர்கள், வெள்ளைத்தாள் திணித்த பையை நெகிழி உறையில் மூடாமல், துணியுறையிலிட்டுத் திறந்த அடுக்கில் வைத்து, அவ்வப்போது எடுத்துப் பயன்படுத்தலாம். குளிரூட்டிய கடைத்தொகுதியிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியில் நீராவி படிவதைக் காண்கிறோம். குளிர்ந்த பையின் மீதும் அதுவே நிகழ்கிறது. எனவே வீடு திரும்பியதும் உடனே அலமாரியில் அடைக்காமல் சற்று நேரம் காற்றாட விட வேண்டும்.

அலமாரிகளில் தொங்கவிடும் ஈரமுறிஞ்சிகளில் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு உப்பு இருக்கிறது. அது காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைசலாகித் தன் உறையின் கீழ்ப்பகுதியில் சேர்கிறது. அந்தக் கரைசல் தோலில் சிந்தினால், கொலாஜெனின் முறுக்கைக் காக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைக் குலைத்து, சூடு படாமலேயே தோலைச் சுருக்கி விறைக்கச் செய்யும். ஆகையால் அதைக் கைப்பைகளுக்கு மேலே தொங்கவிடாமல், டப்பா வடிவில் உள்ளதை வாங்கி அலமாரியின் அடித்தட்டில் வைத்து, நிரம்பும் முன்னரே மாற்றிவிட வேண்டும்.